உயிரணுவின் வாயிலை அறிந்த சம்புநாத் தே

போரில் வென்றவர்க்கு ஊர்தோறும் சிலை உண்டு. பாட்டிசைத்தவர்க்கு ஆண்டுதோறும் விழா உண்டு. ஆனால் நம் வீட்டுக் குழந்தையின் உயிரைக் காத்த அறிவு எவரிடமிருந்து வந்தது என்று கேட்டால், நம்மில் பெரும்பாலோர் விடை அறியோம். வயிற்றுப்போக்கு வந்தால் மருந்துக் கடையில் உப்புச் சர்க்கரைப் பொட்டலம் வாங்கி வருகிறோம். நீரில் கரைத்துப் புகட்டுகிறோம். குழந்தை எழுந்து விளையாடத் தொடங்கியதும் அதை மறந்து விடுகிறோம். அப்பொட்டலம் ஏன் உயிர் காக்கிறது என்பதை உலகம் உணர்வதற்கு வழி திறந்தவருள் முதன்மையானவர் ஒரு வங்க மருத்துவர். டாக்டர் சம்புநாத் தே என்பது அவர் பெயர். மருத்துவ உலகம் நன்கறிந்த அப்பெயர் நம் இல்லங்களில் வழங்குவதில்லை. அக்குறையை இம்மலரின் வாயிலாகச் சிறிதேனும் நீக்குதல் என் விருப்பம்.

நான் மருத்துவம் பயின்றவன் அல்லன். மெட்ரிக்குலேஷன் தேறி இருப்புப்பாதை அலுவலகத்தில் கணக்கெழுதும் ஒரு குமாஸ்தா. இப்பொருளில் எனக்கு நாட்டம் பிறந்ததற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் கோடை விடுமுறையில் சொந்த ஊர் சென்றிருந்தபோது, இரண்டு வயது நிரம்பாத என் இளைய மகனுக்குப் பேதி கண்டது. குடித்த நீரெல்லாம் பேதியாகவே போகிறது, ஆகையால் நீர் கொடுக்கலாகாது என்று வீட்டுப் பெரியவர்கள் கூறினர். அதில் நியாயம் இருப்பதாகவே எனக்கும் தோன்றிற்று. மாலைக்குள் குழந்தையின் கண்கள் குழி விழுந்தன. அழுதான், ஆனால் கண்ணீர் வரவில்லை. அள்ளிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினோம். அங்கிருந்த செவிலி அம்மையார் ஊசி எதுவும் போடாமல், உப்பும் சர்க்கரையும் கரைத்த நீரைத் தேக்கரண்டி தேக்கரண்டியாகப் புகட்டினார். நள்ளிரவில் குழந்தை சிறுநீர் கழித்தான். விடியலில் என்னைப் பார்த்துச் சிரித்தான். நாங்கள் மறுத்த நீரே அவனைப் பிழைப்பித்தது. அது ஏன் என்று அறியும் ஆவலுடன் திருவனந்தபுரம் திரும்பியபின் நூலகங்களில் தேடிப் படித்தேன். அவ்வாறு படித்தபோதே சம்புநாத் தே அவர்களின் வரலாறு எனக்குக் கிட்டியது.

பிறப்பும் கல்வியும்

சம்புநாத் தே 1915-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 1-ஆம் நாள், வங்காளத்தில் ஹூக்ளி மாவட்டத்தைச் சேர்ந்த கரிபாடி என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் தாசரதி தே சிறு வாணிகர், பெருங்குடும்பத்தின் சுமை தாங்கியவர், செல்வர் அல்லர். மகன் கல்வியிற் சிறந்தமையால் உதவித்தொகை கிடைத்தது. ஊர்ப் பள்ளியை முடித்து ஹூக்ளி மொஹ்சின் கல்லூரியிலும், பின்னர்க் கல்கத்தா மருத்துவக் கல்லூரியிலும் அவர் பயின்றார். பிறர் ஆதரவில் தங்கி உண்டு படித்த அம்மாணவர், 1939-இல் மருத்துவப் பட்டமும் 1942-இல் வெப்பமண்டல மருத்துவத்தில் பட்டயமும் பெற்றார்.

நோயாளரின் நாடி பார்த்துப் பொருள் ஈட்டுவதினும், நோயின் காரணத்தை ஆராய்வதிலேயே அவர் உள்ளம் ஈடுபட்டது. லண்டன் மாநகர் சென்று, சர் ராய் காமரன் என்னும் பேரறிஞரின் கீழ் நோயியல் ஆராய்ந்து, 1949-இல் டாக்டர் பட்டம் பெற்றார். பின்னர்த் தாய்நாடு திரும்பி, கல்கத்தா நீலரத்தன் சர்க்கார் மருத்துவக் கல்லூரியில் ஆசிரியப் பணி ஏற்றார். அங்கே அவர் ஆராய எடுத்துக்கொண்ட பொருள், தம் மாநிலத்து மக்களை ஆண்டுதோறும் வாரிக்கொண்டு போன காலரா நோய் ஆகும்.

வாந்திபேதி என்னும் கொடுமை

நம் முன்னோர் வாந்திபேதி என்றும், மலையாள மக்கள் நடப்புதீனம் என்றும் அஞ்சிய நோய் இதுவே. 1817-இல் வங்கத்திலிருந்து புறப்பட்டுக் கண்டம் விட்டுக் கண்டம் சென்று, உலகையே நடுங்கச் செய்தது. திருவிழாக் கூட்டத்தோடு இந்நோயும் புகைவண்டியேறிப் பரவும் என்னும் அச்சத்தால், யாத்திரிகர்களுக்கு ஊசி போடும் வழக்கம் இருந்ததை முதியோர் அறிவர். காலையில் நலமாயிருந்தவர் மாலையில் பிணமாவது இந்நோயில் இயல்பு. அரிசி கழுவிய நீர் போன்ற பேதி, கடுமையான நோயாளியின் உடலிலிருந்து மணிக்கு ஒரு லிட்டர் அளவிற்கூட வெளியேறும். சிகிச்சை இன்றேல் கடுமையாகப் பீடிக்கப்பட்டோரில் பாதிப்பேர் மாண்டுபோவர்.

1884-இல் ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் காக் கல்கத்தாவுக்கே வந்து, கால்புள்ளி போல் வளைந்த ஒரு கிருமியே இந்நோயின் காரணம் என்று காட்டினார். அக்கிருமி ஏதோ ஒரு நஞ்சைச் சுரக்கக்கூடும் என்றும் அவர் ஐயுற்றார். ஆயினும் விலங்குகளுக்கு அக்கிருமியைக் கொடுத்தபோது மனிதர்க்கு வருவது போன்ற நோய் வரவில்லை. ஆதலின் நஞ்சு என்னும் கருத்து வலுவிழந்தது. கிருமி குடலின் உட்தோலை அழித்துவிடுகிறது, புண்ணான அவ்விடத்தின் வழியே உடலின் நீர் ஒழுகிவிடுகிறது என்றே பலரும் எண்ணினர். மதில் இடிந்ததால் ஊருக்குள் இருந்த நீர் வெளியேறிற்று என்பது போன்ற கருத்து இது. இந்த எண்ணம் எத்துணைப் பிழையானது என்பதை உணர, நம் உடலின் மதில் எத்தகையது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

மதிலும் வாயிலும்

வீடு செங்கற்களால் ஆனது போல் நம் உடல் உயிரணுக்களால் ஆனது. ஒவ்வோர் உயிரணுவையும் சுற்றி ஒரு மெல்லிய சவ்வு உண்டு. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறுகளாக்கினால், அவற்றுள் ஏழெட்டுக் கூறுகளே இச்சவ்வின் கனம். இஃது இரண்டு அடுக்காக அமைந்த கொழுப்புப் பொருளால் ஆனது என்று 1925-இல் ஹாலந்து நாட்டு அறிஞர் இருவர் கண்டறிந்தனர். அக்கொழுப்பு கல்போல் இறுகி நில்லாமல் எண்ணெய் போல் நெகிழ்ந்திருப்பது என்றும், அதனிடையே புரதங்கள் மிதந்து நிற்கின்றன என்றும் 1972-இல் சிங்கர், நிக்கல்சன் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் விளக்கினர்.

எண்ணெயில் உப்புக் கரைவதில்லை என்பதை ஒவ்வோர் இல்லத்தரசியும் அறிவார். கொழுப்பாலான மதிலை உப்பு தானே கடக்க மாட்டாமைக்கும் அதுவே காரணம். சர்க்கரையும் அவ்வாறே தடைபட்டு நிற்கும். நாம் மூச்சில் வாங்கும் பிராணவாயு போன்ற சில பொருள்கள் தடையின்றிப் புகுந்துவிடும். உப்பு, சர்க்கரை போன்ற பொருள்களுக்கு அம்மதிலில் புரதங்களாலான தனித்தனி வாயில்கள் உண்டு.

எங்கள் நிலையத்தின் நடைமுறையை இதற்கு உவமையாகக் கூறலாம். நடைமேடைக்கு வரும் காற்றைத் தடுப்பார் இல்லை. பயணி வரச் சீட்டு வேண்டும். சரக்கு வர இரசீது வேண்டும். ஒவ்வொன்றுக்கும் வாயில் வேறு, காவலர் வேறு. உயிரணுவிலும் சில வாயில்கள் திறந்தால் போதும், மிகுதியாக உள்ள இடத்திலிருந்து குறைவாக உள்ள இடத்திற்குப் பொருள் தானே செல்லும். வேறு சில, கூலியாள் மூட்டையை மேட்டில் ஏற்றுவது போல், வலிமையைச் செலவிட்டுப் பொருளைத் தள்ளுவன. மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் அத்தகைய இயந்திரம் ஒன்றை, 1957-இல் டென்மார்க்கு நாட்டு ஸ்கோ என்பவர் கண்டறிந்தார். சோடியம் என்பது நாம் உண்ணும் உப்பின் ஒரு கூறு. மற்றொரு கூறு குளோரைடு.

இனி, நீரின் இயல்பு ஒன்றை நினைவிற் கொள்ளல் வேண்டும். உப்போ சர்க்கரையோ எங்கே மிகுகிறதோ, அங்கே நீர் சவ்வைக் கடந்து செல்லும். வெள்ளரித் துண்டின்மேல் உப்பைத் தூவினால் அது நீர் விடுவதும், பாயசத்திற்கு வாங்கிய உலர்ந்த திராட்சை வெந்நீரில் பருப்பதும் இதனாலேயே. ஆதலின் உப்பின் வாயிலை ஆள்பவனே நீரையும் ஆள்பவன் ஆகிறான்.

முயலின் குடலில் கண்ட உண்மை

மற்றவர்கள் காலராக் கிருமியை விலங்குகளின் இரத்தத்திலும் தோலடியிலும் செலுத்திப் பார்த்து ஏமாற்றம் அடைந்திருந்தனர். சம்புநாத் தே எளிய வினா ஒன்றை எழுப்பிக்கொண்டார். நோய் நிகழ்வது குடலின் உள்ளே. அவ்வாறாயின் அங்கேயே வைத்துப் பார்ப்பதன்றோ முறை? அவர் முயலை மயக்கி, வயிற்றைத் திறந்து, சிறுகுடலின் ஒரு பகுதியை இருபுறமும் நூலாற் கட்டினார். அக்கட்டுகளுக்கு இடைப்பட்ட பகுதியுள் கிருமியைச் செலுத்தி, வயிற்றைத் தைத்துவிட்டார். மறுநாள் பார்த்தபோது, கட்டப்பட்ட அச்சிறு பகுதி நீரால் நிரம்பிப் பருத்திருந்தது. காலரா நோயாளியின் பேதியிற் காணப்படும் அதே கழுநீர் போன்ற நீர் அதில் இருந்தது. தம் துணைவர் ஒருவருடன் அவர் இதனை 1953-இல் வெளியிட்டார்.

இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவைப்படவில்லை. கத்தி, நூல், ஊசி, முயல் ஆகியவற்றோடு நேராகச் சிந்திக்கும் உள்ளம் ஒன்றே தேவைப்பட்டது. 1955-இல் அவர் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் நோயியல், நுண்ணுயிரியல் துறைத் தலைவரானார். ஆய்வை விடாது தொடர்ந்தார். கிருமியை நீர்மத்தில் வளர்த்து, பின் வடிகட்டிக் கிருமிகளை அறவே நீக்கிவிட்டு, எஞ்சிய நீர்மத்தை மட்டும் குடலிற் செலுத்தினார். கிருமி இல்லாத அந்நீர்மமும் குடலை நீரால் நிரப்பியது! ஆகவே, நோயை விளைப்பது கிருமி சுரந்து வெளியிடும் நஞ்சே என்பது உறுதியாயிற்று. 1959-இல் இலண்டனிலிருந்து வெளிவரும் நேச்சர் இதழில் இம்முடிவு அச்சாயிற்று. ராபர்ட் காக் ஐயுற்ற நஞ்சு, ஏறத்தாழ எழுபத்தைந்து ஆண்டுகள் கழித்து, அவர் ஆராய்ந்த அதே கல்கத்தா நகரில் வெளிப்பட்டது. அதே ஆண்டில் பம்பாயில் தத்தா என்னும் அறிஞரும் அவர்தம் துணைவரும் முயற்குட்டிகளைக் கொண்டு இத்தகைய உண்மையைத் தனியே கண்டனர் என்பதையும் ஈண்டு நன்றியுடன் குறித்தல் தகும்.

மதில் இடியவில்லை

1960-இல் பாங்காக் நகரில் காலரா நோயாளர்களின் குடலிலிருந்து நுண்ணிய துணுக்குகளை எடுத்து ஆராய்ந்த மருத்துவர்கள், குடலின் உட்தோல் அழியாமல் இருப்பதைக் கண்டனர். மதில் இடிந்தது என்னும் பழங்கருத்து அத்துடன் வீழ்ந்தது. அவ்வாறாயின் நீர் எவ்வழியாக வெளியேறிற்று? பின்வந்த அறிஞர்கள் அந்நஞ்சைத் தூய்மையாகப் பிரித்தெடுத்து, அதன் செயலைப் படிப்படியாக விளக்கினர்.

அந்நஞ்சு இரு பகுதிகள் உடையது. ஒரு பகுதி உயிரணுச் சவ்வில் பற்றிக்கொள்ளும். மற்றொரு பகுதி உள்ளே நுழையும். நுழைந்தது உயிரணுவைக் கொல்வதில்லை. வாயிலைத் திற என்று ஆணையிடும் உறுப்பை, ஓயாது ஆணையிடும்படி செய்து விடுகிறது. குளோரைடு செல்லும் வாயில் மூடாமலே திறந்து கிடக்கிறது. குளோரைடு குடலின் உட்புறம் பாய்கிறது. சோடியம் அதனைத் தொடர்கிறது. உப்புச் சென்ற இடத்திற்கு உடலின் நீர் வெள்ளமாய்ச் செல்கிறது. கோட்டையைப் பகைவன் இடிக்கவில்லை; காவலனை மயக்கிக் கதவைத் திறந்து வைத்துவிட்டான். இரத்தத்தின் நீர் வற்றி, நாடி தளர்ந்து, மனிதன் மாள்கிறான்.

மதில் இடிந்திருந்தால் அதைப் புதிதாகக் கட்டும் வரை நோயாளி பிழைத்திரான். மதில் நலமாக இருப்பதால், வேறு வாயில் வழியே நீரை உள்ளே அனுப்ப இயலுமா என்று கேட்கலாம். கோடிக்கணக்கான குழந்தைகளின் உயிர் இந்த ஒரு கேள்வியில் அடங்கியிருந்தது.

அடைபடாத வாயில்

1960-இல் ராபர்ட் கிரேன் என்னும் அமெரிக்க அறிஞர், குடலின் உயிரணுவில் சர்க்கரையும் சோடியமும் ஒன்றாகவே நுழையும் வாயில் ஒன்று உண்டு என்று கூறினார். இருவர் சேர்ந்து வந்தால் மட்டுமே திறக்கும் கதவு அது. குளுக்கோசு தனியே வந்தால் திறவாது. உப்பு தனியே வந்தாலும் திறவாது. இரண்டும் கைகோத்து நுழையும்போது நீரும் உடன் நுழையும். காலரா நஞ்சு இந்த வாயிலைத் தொடுவதே இல்லை! ஒரு வாயில் வழியே வீடு கொள்ளை போகும் வேளையிலும், இவ்வாயில் வழியே நாம் நெல் மூட்டையை உள்ளே அனுப்பிக்கொண்டே இருக்கலாம்.

1953-இலேயே ஹேமேந்திரநாத் சட்டர்ஜி என்னும் கல்கத்தா மருத்துவர், உப்பும் குளுக்கோசும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்துக் காலரா நோயாளர்களைக் குணப்படுத்தியிருந்தார். காரணம் விளங்காத காலம் ஆதலால் உலகம் அதனைப் பெரிதாக எண்ணவில்லை. காரணம் விளங்கிய பின்னர், 1971-இல் வங்கதேசப் போரின்போது, எல்லையோரத்துப் பங்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் மருந்து நீர் தீர்ந்துபோன நிலையில், டாக்டர் திலீப் மஹாலனபீஸ் உப்பும் குளுக்கோசும் சமையற் சோடாவும் கலந்த நீரைப் பீப்பாய்களில் நிரப்பி, நோயாளரின் உறவினரைக் கொண்டே புகட்டச் செய்தார். நூற்றுக்கு முப்பது அளவில் இருந்த இறப்பு, அவர் கவனித்த நோயாளரிடையே நூற்றுக்கு நான்குக்கும் கீழே இறங்கியது. இன்று உலகெங்கும் வழங்கும் பொட்டலம் இவ்வழி வந்ததே.

நம் வீட்டில் பொட்டலம் இல்லையாயின், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும், தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்தால் போதும். அளவு பிறழலாகாது. இனிப்பு மிகுந்தால் குடலே நீரை உடலினின்றும் இழுக்கும். வெள்ளரித் துண்டை நினைவிற் கொள்க. உப்பு மிகுந்தால் குழந்தைக்குப் பெருந்தீங்கு. உப்பிட்ட கஞ்சித் தண்ணீரும் நன்று. கஞ்சியின் மாவு குடலில் குளுக்கோசாக மாறி அதே வாயிலைத் திறக்கும். நம் பாட்டிமார் காரணம் அறியாமலே அவ்வழி அறிந்திருந்தனர் போலும். ஆயினும் கண் குழிந்து, சோர்ந்து, குடிக்கவும் இயலாத நிலை வந்தால் ஒரு கணமும் தாமதியாமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். குடிக்க இயலுமாயின் வழியெல்லாம் புகட்டிக்கொண்டே செல்ல வேண்டும்.

காலரா பழங்கதை ஆகிவிட்டது என்றும் எண்ணற்க. நம் திருவனந்தபுரம் மாவட்டத்திலேயே, 2024 ஜூலையில் நெய்யாற்றின்கரைப் பகுதியில் ஒரு விடுதியில் இருந்தோருக்குக் காலரா உறுதி செய்யப்பட்டதை நாளிதழ்களிற் கண்டோம்.

பெறாத பெருமை

இத்துணைப் பெரிய உண்மையைக் கண்ட சம்புநாத் தே அவர்களை நாடு எவ்வாறு போற்றியது? வருந்தத்தக்க விடையே கூற வேண்டியுள்ளது. அவர் வாழ்நாளில் நம் நாட்டின் பெரிய விருது எதுவும் அவரைத் தேடி வரவில்லை. அறிவியற் பேரவைகள் அவரைத் தம் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கவில்லை. 1973-இல் அவர் ஓய்வு பெற்றார்; அடுத்த வீட்டாரும் அறியாத பெருமையுடன் கல்கத்தாவில் அமைதியாக வாழ்ந்தார்.

அயல்நாட்டார் மறக்கவில்லை. 1978-இல் ஸ்டாக்ஹோம் நகரில் நோபல் நிறுவனம் காலராவைப் பற்றி நடத்திய கருத்தரங்கிற்கு அவரை அழைத்தனர். நோபல் பரிசு பெற்ற அமெரிக்க அறிஞர் ஜோஷுவா லெடர்பர்க், அவர் பெயரை அப்பரிசுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட முறை முன்மொழிந்தார். பரிசு கிட்டவில்லை. 1985-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ஆம் நாள், தம் எழுபதாம் வயதில் அவர் இயற்கை எய்தினார். 1990-இல் கரண்ட் சயன்ஸ் என்னும் இந்திய அறிவியல் இதழ் அவர் பணிகளைப் போற்றிச் சிறப்பிதழ் வெளியிட்டது. பாராட்டைக் கேட்க அவர் இல்லை.

அலுவலகத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றியவன் என்ற முறையில் ஒன்றை உணர்கிறேன். வண்டி குறித்த நேரத்தில் வந்து சேர்ந்தால் அதற்காக உழைத்தவர் எவர் என்று பயணி கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்று நல்ல ஊழியனும் எதிர்பார்ப்பதில்லை. சம்புநாத் தே அத்தகைய ஊழியர்களுள் தலையாயவர். ஆயினும், அவர் எதிர்பாராமை நம் மறதிக்கு நியாயம் ஆகாது.

நாம் அவருக்குச் சிலை எழுப்ப இயலாது. அது நம் கொலுவிருக்கும் இக்காலனிக்கு ஏற்றதும் அன்று. நம்மால் இயன்றது ஒன்று உண்டு. பேதி கண்ட குழந்தைக்கு நீர் கொடாதே என்னும் சொல் நம் இல்லங்களில் இனி ஒலியாதிருக்கச் செய்வோம். ஒரு லிட்டர், ஆறு கரண்டி, அரைக் கரண்டி என்னும் கணக்கை நம் பெண்டிரும் பிள்ளைகளும் வாய்ப்பாடு போல் மனனம் செய்யட்டும். அந்நீரைக் கலக்கும்போது, முயலின் குடலில் உண்மையைத் தேடிய அந்த வங்கப் பெரியாரின் பெயரையும் பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்போமாக.